எரிந்த புல்லுக்கு ஒரு கணக்கு, செத்த மாட்டுக்கு ஒரு கணக்கு: ஹெம்ப்ஹில் கவுன்டியில் பேரிடர் உதவித்தொகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து வடகோடியில், பேன்ஹேண்டில் என்று அழைக்கப்படும் சமவெளியில், ஸ்டின்னெட் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு தீ பற்றியது. மணிக்கு 60 மைலையும் தாண்டி வீசிய காற்றில் கிழக்கே ஓடிய அந்தத் தீ, அணைவதற்குள் டெக்சஸிலும் பக்கத்து ஓக்லஹோமாவிலுமாகப் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டது. ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ என்று பெயர் பெற்ற இதுவே டெக்சஸ் வரலாற்றின் மிகப் பெரிய காட்டுத்தீ. காட்டுத்தீ என்று சொன்னாலும் எரிந்தது பெரும்பாலும் காடு அல்ல. மாடு மேயும் புல்வெளி. இருவர் உயிரிழந்தனர், மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. இந்தத் தீயையும் அதே வாரத்தில் அப்பகுதியில் எரிந்த மற்றத் தீக்களையும் சேர்த்து, வேளாண்மைக்கு நேர்ந்த இழப்பு 12.3 கோடி டாலர் என டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு முதற்கட்டமாக மதிப்பிட்டது.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட கவுன்டிகளில் ஒன்று ஹெம்ப்ஹில். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 3,400 பேருக்கும் குறைவு. தலைநகரின் பெயர் கனேடியன்; அருகில் ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. அத்தகைய ஓர் ஊரில் மாட்டையும் வேலியையும் புல்லையும் ஒரே நாளில் இழந்த பண்ணையாளருக்கு அரசு என்ன தருகிறது, எப்படித் தருகிறது என்பவையே கீழே வரும் கேள்விகள்.

கவுன்டி என்பது என்ன? உதவித்தொகையில் அதற்கு என்ன வேலை?

மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு அது. டெக்சஸில் மட்டும் 254 கவுன்டிகள் உள்ளன. ஆனால் இங்கே பேசப்படும் பணம் கவுன்டி அரசின் பணம் அன்று. வாஷிங்டனில் உள்ள வேளாண் துறையின் பணம். அத்துறையின் பண்ணைச் சேவை முகமை, அதாவது எஃப்.எஸ்.ஏ., கவுன்டி அளவில் வைத்திருக்கும் அலுவலகத்தில்தான் பண்ணையாளர் விண்ணப்பிக்கிறார்.

இதில் நம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றக்கூடியது கவுன்டி குழு. அந்த வட்டாரத்து விவசாயிகளே தங்களுக்குள் தபால் வாக்கு மூலம் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள், மூன்று முதல் பதினொரு பேர் வரை, அக்குழுவில் இருப்பார்கள். விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பக்கத்துப் பண்ணைக்காரரின் இழப்பை இவர்தான் எடைபோடுகிறார் என்பது ஒரு வகையில் நல்லது. யாரிடம் எத்தனை மாடு இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அதுவே சங்கடமும் ஆகலாம்.

பாதிக்கப்பட்டவருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுவார்களா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே அறிவிப்பில் முடிந்துபோகும் நிவாரணம் அங்கே கிடையாது. செத்த மாட்டுக்கு ஒரு திட்டம், எரிந்த புல்லுக்கும் உலர்புல் கட்டுகளுக்கும் வேறொரு திட்டம், வேலிக்கு மூன்றாவது திட்டம், கடன் வேண்டுமானால் நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிச் சான்று, தனிக் கடைசித் தேதி. ஒரே பண்ணையாளர் ஒரே தீயின் பொருட்டு அதே மேசையில் மூன்று நான்கு கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். இழப்பு ஒன்றாக வந்தாலும் ஈடு துண்டுதுண்டாகத்தான் வரும். எந்தத் துண்டுக்கும் பெயரில்லாத இழப்புக்கு ஈடே வராது.

செத்த மாட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?

கால்நடை இழப்பீட்டுத் திட்டம், அங்கே எல்.ஐ.பி. எனப்படுவது, சந்தை மதிப்பில் 75 சதவீதத்தைத் தருகிறது. 2008-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் பிறந்து, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிரந்தரமாக்கப்பட்ட திட்டம் இது. மதிப்பு என்பது அந்தப் பண்ணையாளர் விற்றிருக்கக்கூடிய விலை அன்று. மாட்டின் வகைக்கும் எடைக்கும் ஏற்ப நாடு முழுமைக்கும் ஆண்டுதோறும் வெளியிடப்படும் சராசரி.

இறந்த மாடு அத்தனைக்கும் பணம் கிடைக்காது. எந்த மந்தையிலும் ஆண்டுக்குச் சில மாடுகள் எப்படியும் சாகும் என்பதால், அந்தச் சாதாரண இறப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தையே கணக்கில் எடுப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 200 பசுக்கள் உள்ள மந்தைக்குச் சாதாரண இறப்பு 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தீயில் 60 பசுக்கள் இறந்திருந்தாலும் 57-க்குத்தான் பணம்.

இந்தச் சராசரி விலையில்தான் பண்ணையாளர்களின் மனக்குறை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கிய மந்தையின் பசுவும், நேற்று சந்தையில் வாங்கிய பசுவும் அட்டவணையில் ஒரே வரியில் நிற்கும். போதாததற்கு, 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் மொத்த மாட்டு எண்ணிக்கை 8.72 கோடியாக, 1951-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவில் இருந்தது. மாடு குறைந்தால் விலை ஏறும். இழந்த மந்தையைத் திரும்ப வாங்கப் போனவர், முக்கால் பங்குப் பணத்துடன் ஏறுமுகச் சந்தைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

சினைப்பசு செத்தால், வயிற்றிலிருந்த கன்றுக்குக் கணக்கு உண்டா?

தீ பற்றிய நாளில் இருந்த விதிப்படி இல்லை. பிப்ரவரி இறுதி என்பது பேன்ஹேண்டிலில் கன்று ஈனும் பருவம். எரிந்த பசுக்களில் பல நிறைசினையாக இருந்தவை. ஆனால் பிறக்காத கன்று கால்நடை ஆகாது என்பதே திட்டத்தின் நிலைப்பாடாக இருந்தது. ஒரு நாள் முன்னதாகப் பிறந்து தீயில் மாண்ட கன்றுக்குத் தொகை உண்டு. ஒரு நாள் பிந்தியதற்கு இல்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெருஞ்சட்டம் இதை மாற்றியது. 2024 ஜனவரி 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கு, பிறக்காத குட்டிகளுக்கும் கூடுதல் தொகை வழங்க அது இடம் தருகிறது; உச்சவரம்பு, அவ்வகைக் கால்நடையின் மிகக் குறைந்த எடைப் பிரிவுக்குரிய தொகையில் 85 சதவீதம். பின்தேதியிட்டு எழுதப்பட்டதால் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீயும் அந்தக் கால வரம்புக்குள் வருகிறது.

எத்தனை மாடு செத்தது என்பதை எப்படி மெய்ப்பிப்பது?

உதவி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. மெய்ப்பிக்க வேண்டியவை இரண்டு: எத்தனை இறந்தன என்பது ஒன்று, தீக்கு முன் எத்தனை இருந்தன என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இருந்தது எத்தனை என்று காட்டாமல் இறந்தது எத்தனை என்று நிறுவ முடியாது.

தேதியிட்ட ஒளிப்படம், கால்நடை மருத்துவரின் பதிவு, சடலங்களை அகற்றியவர் கொடுத்த ரசீது, வாங்கிய விற்ற பட்டியல்கள், வங்கிக் கடனுக்காக முன்பு கொடுத்த மந்தைக் கணக்கு, வருமான வரிப் பதிவு ஆகியவை ஏற்கப்படும். எழுத்துச் சான்று இல்லாதபோது, பண்ணையோடு பணத்தொடர்போ உறவோ இல்லாத ஒருவர் நேரில் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரலாம்.

படிக்கும்போது எளிதாகவே தோன்றும். ஆனால் தீ கடந்த மறுநாளை எண்ணிப் பாருங்கள். வேலி இல்லாததால் பிழைத்த மாடுகள் சாலையில் அலைகின்றன. மடியும் குளம்பும் வெந்து நிற்பவற்றைச் சுட்டுக் கொல்ல வேண்டியிருக்கிறது. அழுகத் தொடங்குமுன் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். வீடு எரிந்திருந்தால் கணக்கேடும் அதனுடன் எரிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு சடலத்தின் காதுவில்லையையும் படமெடுக்கச் சொல்வது கல்நெஞ்சாகத் தோன்றலாம். ஆனாலும் புதைக்குமுன் எடுத்த படம்தான் பின்னர் பணமாகிறது. என் கருத்தில் இந்த அமைப்பின் பெருங்குறை இதுவே: அதிகம் இழந்தவரே சான்று சேர்க்க மிகக் குறைந்த வசதியோடு இருக்கிறார். விரிவாக்கப் பணியாளர்களும் அக்கம்பக்கத்தாரும் கைப்பேசியோடு வந்து எண்ணிக் கொடுத்தால், அது அன்று கொண்டுவரும் உலர்புல் கட்டுக்குச் சற்றும் குறையாத உதவி.

2024-ஆம் ஆண்டு இழப்புகளுக்கு இத்திட்டத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2025 மார்ச் 3. ஓராண்டு அவகாசம் தாராளமே. ஆனால் படத்துக்கு அவகாசம் ஒன்றிரண்டு நாள்தான்.

காயத்தோடு பிழைத்த மாட்டைக் குறைந்த விலைக்கு விற்றிருந்தால்?

அதற்கும் இடமுண்டு. தீயால் காயம்பட்டுக் குறைந்த விலைக்கு விற்ற மாட்டுக்கு, விற்ற தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். விற்பனை ரசீது கட்டாயம்.

எரிந்த மேய்ச்சல் நிலத்துக்கு என்ன கிடைக்கும்?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேய்ச்சல் இழப்புக்கென்றே கால்நடைத் தீவனப் பேரிடர்த் திட்டம், அதாவது எல்.எஃப்.பி., என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் அதற்குத்தான் விண்ணப்பிக்கத் தோன்றும். அந்தத் திட்டம் வறட்சிக்குத் தனியார் நிலத்திலும் உதவும். தீக்கோ மத்திய அரசு நிர்வகிக்கும் மேய்ச்சல் நிலத்தில் மேய்க்கும் உரிமை தடைபட்டால் மட்டுமே உதவும். நெவாடா போன்ற மேற்கு மாநிலங்களில் பெரும்பரப்பு அரசு நிலம். அவர்களுக்கு அது பொருந்தும். டெக்சஸில் நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியார் கையில். ஆகவே ஹெம்ப்ஹில் பண்ணையாளருக்கு அந்தக் கதவு அடைத்தே இருக்கிறது.

அவர் போக வேண்டிய இடம் ஈலாப். கால்நடை, தேனீ, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்கான அவசர உதவித் திட்டம் என்பது அதன் விரிவு. தேனீக்கும் மீனுக்கும் இடையே மாட்டைத் தேட வேண்டியிருப்பது விந்தைதான்; மற்றத் திட்டங்களில் விடுபட்டவற்றையெல்லாம் அள்ளிப் போட்ட பை அது. அரசு நிர்வாகத்தில் இல்லாத நிலத்தில் காட்டுத்தீயால் போன மேய்ச்சல், எரிந்துபோன சேமிப்புத் தீவனம், வழக்கத்துக்கு மேல் விலைகொடுத்து வாங்கிய தீவனம் ஆகியவை அதில் அடங்கும். பொதுவாக 60 சதவீதமும், தொழிலுக்குப் புதியவர், முன்னாள் படைவீரர் போன்றோருக்கு 90 சதவீதமும் கிடைக்கும். 2024-க்கான கடைசி நாள் 2025 ஜனவரி 30, எல்.ஐ.பி.யைவிட ஒரு மாதம் முந்தியது. இரண்டுக்கும் ஒரே தேதி என்று நினைத்திருந்தவர் ஒன்றைத் தவறவிட்டிருக்கக்கூடும்.

மேய்ச்சல் நிலத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால் போதாதா?

மேய்ச்சல் நிலத்துக்கென மத்திய அரசின் மானியத்தோடு கிடைக்கும் காப்பீடு மழையளவைக் கொண்டு இயங்குவது. நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தக் கட்டத்தில் குறிப்பிட்ட இரண்டு மாதங்களில் வழக்கத்தைவிட மழை குறைந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள். புல் எரிந்ததா என்று எவரும் வந்து பார்ப்பதில்லை. தீக்குப் பின் நல்ல மழை பெய்தால் காப்பீட்டுப் பணம் வராது. எரிந்த நிலத்தில் மேய்ச்சல் இருக்காது.

வேலிக்கு யார் பணம் தருவார்கள்?

இழப்பில் வெளியார் கண்ணுக்குப் படாத பெரும்பங்கு வேலிதான். மரத்தூண் எரிந்துவிடும்; முள்கம்பி நின்றாலும், வெந்த கம்பி முறுக்கிழந்து முறியும். ஒரு மைல் வேலி புதிதாகப் போடப் பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் ஆகும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரிய பண்ணைக்குப் பல மைல் நீளம் வேலி உண்டு.

இதற்கு அவசர நிலப்பாதுகாப்புத் திட்டம் உள்ளது. செலவில் 75 சதவீதம் வரையும், சிறு வருவாய்ப் பண்ணையாளர், புதியவர் முதலியோருக்கு 90 சதவீதம் வரையும் அரசு ஏற்கும். ஒரு பேரிடருக்கு ஒருவருக்கான உச்சவரம்பு 5 லட்சம் டாலர். மற்றவற்றைப் போல் இது இழப்புக்கு ஈடு அன்று. செய்த வேலைக்குச் செலவுப் பங்கு. முதலில் கைப்பணத்தைப் போட்டு வேலியை அமைத்துவிட்டுப் பின்னர் வாங்கிக்கொள்ள வேண்டும். மந்தையையே இழந்தவரிடம் அந்த முதல் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு விடையாக, 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் 25 சதவீதம் வரை முன்பணம் தர வகை செய்தது. 60 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் பெறுமுன் வேலையைத் தொடங்கினால் உதவி மறுக்கப்படலாம். சாலையில் மாடு அலையும்போது வேலிக்காகக் காத்திருக்க எவராலும் முடியாது என்பது உண்மைதான். ஆகவே கம்பியைத் தொடுமுன் அலுவலகத்துக்குத் தொலைபேசியிலாவது சொல்லி, சொன்ன தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

தீ மின்கம்பத்தால் பற்றியது என்கிறார்களே, அப்படியானால் இது இயற்கைப் பேரிடர் ஆகுமா?

மின்கம்பமே தீக்குக் காரணம் என்று டெக்சஸ் சட்டமன்றத்தின் விசாரணைக் குழுவும் 2024 மே மாதத்தில் சொன்னது. முன்பாக இருந்திருந்தால் வேலித் திட்டத்தில் இது சிக்கலாகியிருக்கும். 2018-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, தீ பற்றியது இயற்கையால் இல்லாவிட்டாலும் அது பரவியது இயற்கையால் என்றால் போதும். பிப்ரவரி 26-இன் காற்று அதற்குத் தக்க சாட்சி. மின் நிறுவனத்திடம் நட்ட ஈடு கோருவது இதற்கு வெளியே, தனி வழக்காக நடக்கும்.

கவுன்டியைப் பேரிடர்ப் பகுதி என்று அறிவித்தால்தான் பணம் கிடைக்குமா?

மாட்டுக்கும் மேய்ச்சலுக்கும் அந்த அறிவிப்பு தேவையில்லை. டெக்சஸ் ஆளுநர் தீ பற்றிய மறுநாளே 60 கவுன்டிகளுக்குப் பேரிடர் அறிவித்தார். அது மாநில நிர்வாகம் ஆட்களையும் கருவிகளையும் அனுப்புவதற்கான அறிவிப்பு. வேளாண் துறைச் செயலர் தனியாகச் செய்யும் அறிவிப்பு வேறு. கவுன்டியில் ஏதேனும் ஒரு பயிரிலாவது 30 சதவீத விளைச்சல் இழப்பு இருந்தால் அது வரும். அதைத் தொட்டு நிற்கும் கவுன்டிகளும் சேர்த்துக்கொள்ளப்படும். அதனால் திறக்கும் முக்கியமான கதவு அவசரக் கடன்: 5 லட்சம் டாலர் வரை, அறிவிப்பிலிருந்து எட்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது கடன் என்பதை மறக்கலாகாது.

ஃபீமா உதவாதா?

மத்திய அவசர மேலாண்மை முகமையான ஃபீமா வீட்டுக்கும் பொதுச் சொத்துக்கும் உரியது. பண்ணையின் தொழில் இழப்பு அதன் எல்லைக்குள் வராது.

நிலம் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கிடைக்குமா, நிலச் சொந்தக்காரருக்கா?

மாட்டுக்கான தொகை, மாடு இறந்த நாளில் அதற்குச் சொந்தக்காரராக இருந்தவருக்கே. நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல. மேய்ச்சல் இழப்பிலும், அந்த நிலத்தை மாட்டுக்காகப் பணம் கொடுத்துப் பிடித்திருந்தவர்தான் உரியவர். வேலிக்கு, செலவைச் சுமப்பவர் யாரோ அவர் விண்ணப்பிக்கலாம். குத்தகைதாரர் வாய்ப்பேச்சில் மட்டும் நிலம் பிடித்திருந்தால் சிக்கல் வரும். எழுத்தில் ஒப்பந்தம் இருப்பது நல்லது. வளர்ப்புப் பிராணியாகவோ பொழுதுபோக்குக்காகவோ வைத்திருந்த குதிரை கணக்கில் சேராது.

வசதி படைத்தவர்களும் வாங்க முடியுமா?

சராசரி ஆண்டு வருமானம், வரிக்கான திருத்தங்களுக்குப் பின், 9 லட்சம் டாலரைத் தாண்டினால் கிடைக்காது என்பது 2024-இல் இருந்த பொது விதி. மாட்டு இழப்புக்குத் தொகையில் உச்சவரம்பு இல்லை. எனவே பெரிய மந்தைக்காரருக்குப் பெரிய தொகை போவது இத்திட்டத்தின் இயல்பு. வாங்கிய தொகை வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும்.

எவ்வளவு காலத்தில் பணம் வரும்?

நிரந்தரத் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் புது ஒப்புதல் வேண்டியதில்லை. கோப்பு சரியாக இருந்தால் பணம் வரும். தற்காலிகத் திட்டங்களின் நடை வேறு. 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர்களுக்காக நாடாளுமன்றம் ஏறத்தாழ 2,078 கோடி டாலரை ஒதுக்கியது 2024 டிசம்பரில். தீ பற்றிப் பத்து மாதம் கழித்து. அந்த ஒதுக்கீட்டிலிருந்து வெள்ளத்தாலும் காட்டுத்தீயாலும் பாதிக்கப்பட்ட கால்நடைப் பண்ணையாளர்களுக்கு நூறு கோடி டாலர் வரை என்று வேளாண் துறை விண்ணப்பம் பெறத் தொடங்கியது 2025 செப்டம்பரில். அதற்குள் எரிந்த நிலத்தில் இரண்டு பருவம் புல் முளைத்துவிட்டது. உயிரோடு இருந்த பசுக்களை விற்றுக் கடனடைத்தவர்கள் அதை முன்பே செய்துவிட்டிருப்பார்கள்.

மாநில அரசு ஒன்றும் தரவில்லையா?

டெக்சஸ் வேளாண் துறையிடம் ஸ்டார் நிதி என்று ஒன்று உள்ளது. அதில் சேர்வது வரிப்பணம் அன்று, தனியார் நன்கொடை. வேலி சீரமைப்பு போன்றவற்றுக்குச் செலவுப் பங்காக அதிலிருந்து தருகிறார்கள். உண்மையில் முதல் வாரங்களில் ஹெம்ப்ஹிலுக்கு வந்து சேர்ந்தது பிற மாநிலங்களிலிருந்து லாரி லாரியாக வந்த உலர்புல்தான். படிவமும் கடைசித் தேதியும் இல்லாமல்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் என்ன செய்வது?

மறுப்பு எழுத்தில் வரும். அதில் மேல்முறையீட்டு வழிகளும் இருக்கும். கவுன்டி குழுவிடமே மறுபரிசீலனை கோரலாம், மாநிலக் குழுவிடம் போகலாம், அல்லது வேளாண் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவை நாடலாம். காலவரம்பு 30 நாள். சான்று போதாது என்று மறுத்திருந்தால், அதே சான்றோடு மேலே போவதைவிட, எண்ணிக்கையை நேரில் கண்ட மூன்றாம் நபரின் உறுதிமொழியைச் சேர்த்துக் கவுன்டி குழுவிடமே திரும்பப் போவது பயன் தரக்கூடும். அந்தப் பகுதியின் மாடுகளையும் மனிதர்களையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

யார் எவ்வளவு வாங்கினார் என்பது வெளியே தெரியுமா?

தெரியும். பண்ணையின் வரைபடமும் விளைச்சல் விவரமும் சட்டத்தால் மறைக்கப்பட்டவை. ஆனால் பெறுநரின் பெயரும் தொகையும் பொதுத்தகவல். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்னும் அமைப்பு இவற்றைத் திரட்டிக் கவுன்டிவாரியாகத் தேடும்படி பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 3,400 பேர்கூட இல்லாத கவுன்டியில் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஊரார் மனத்தில் ஒரு முகம் இருக்கும். தொகையை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரிதாகத் தெரியும். எத்தனை மாட்டைப் புதைத்ததற்கு வந்தது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.